கப்பல் சுற்றுலா: கேபின் எங்கே, சாப்பாடு எப்படி

சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் என்று மூன்று நாலு இரவு சுற்றிவிட்டு வருவது இப்போது நம் ஆட்களிடம் ரொம்பவே பரவிவிட்டது. எங்கள் சொந்தத்திலேயே இந்த வருஷம் மூன்று குடும்பம் கிளம்புகிறது. மூன்று வீட்டிலிருந்தும் ஒரே கேள்விதான் வந்தது, எந்தக் கப்பல் நல்லது என்று. நான் கப்பலைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. டிக்கெட் போடும்போது கேபின் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள், முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்து கேளுங்கள், இந்த இரண்டிலும் கோட்டை விட்டால் எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் மனசு ஒட்டாது என்றேன்.

போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். நான் போனது கணவர், இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய மாமியார் ஆகியோருடன். மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம், முழங்கால் வலி வேறு. அதனால் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கும் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இதில் விஷயம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

கேபின் எடுக்கும்போது

பொதுவாக நாலு வகை. ஜன்னலே இல்லாத உள் கேபின், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்தது, பால்கனி உள்ளது, அப்புறம் உட்காரும் இடத்தோடு பெரிதாக இருக்கிற சூட் அறை. எல்லாரும் இந்த வகையையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். உள் கேபின் என்றால் சுமார் 150 முதல் 180 சதுர அடிதான் இருக்கும், நம் வீட்டுப் படுக்கையறையைவிடச் சின்னது. பால்கனி கேபினும் உள்ளே கிட்டத்தட்ட அதே அளவுதான், வெளியே இரண்டு நாற்காலி போடுகிற இடம் கூடுதலாகக் கிடைக்கும். பகல் முழுக்க மேல் டெக்கிலேயே, அதாவது மேல்மாடியிலேயே சுற்றுவோம், ராத்திரி தூங்க மட்டும்தான் வருவோம் என்கிற குடும்பத்துக்கு உள் கேபின் தாராளமாகப் போதும். மிச்சப்படும் பணத்தைப் பினாங்கில் செலவு செய்யலாம். வீட்டில் நடக்க முடியாத பெரியவர் ஒருவர் இருக்கிறார், பாதி நேரம் அறையிலேயே இருப்பார் என்றால் கடனை உடனை வாங்கியாவது பால்கனி எடுங்கள் என்றுதான் சொல்வேன். என் மாமியார் விடியற்காலை ஐந்தரைக்கு அந்த நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் எட்டு மணிவரை அசையமாட்டார், கடலைப் பார்த்தபடியே ஜபத்தை முடிப்பார். அந்த இரண்டரை மணி நேரத்துக்காகவே கொடுத்த காசு சரியாகப் போய்விட்டது.

கப்பலைப் பொறுத்தும் இது மாறும். 2016ல் கட்டிய ஜெண்டிங் ட்ரீம், 2019ல் வந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் மாதிரியான புதிய பெரிய கப்பல்களில் வெளிப்பக்க அறைகள் பெரும்பாலும் பால்கனியோடுதான் இருக்கும். சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓட ஆரம்பித்த கோர்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸ் 1990ல் கட்டிய கப்பல், அந்தக் காலத்து அமைப்பு, அதில் பால்கனி அறைகள் குறைவு. அதனால் பால்கனி கட்டாயம் வேண்டும் என்றால் முதலிலேயே பிடித்துவிட வேண்டும். ஸ்பெக்ட்ரமில் சில உள் கேபின்களில் சுவர் உயரத்துக்கு ஒரு திரை வைத்து, வெளியே கேமராவில் தெரிகிற கடலை அப்படியே காட்டுகிறார்கள். ஜன்னல் இல்லாத அறையில் மூச்சுமுட்டும் என்று பயப்படுகிறவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி இடம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

கப்பல் கம்பெனியின் இணையதளத்திலேயே ஒவ்வொரு டெக்குக்கும் வரைபடம் இருக்கும். உங்கள் அறை எண்ணைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கு நேர் மேலே உள்ள டெக்கையும் நேர் கீழே உள்ள டெக்கையும் திறந்து, அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குள டெக்கோ பஃபே ஹாலோ இருந்தால், நீங்கள் தூங்கும் நேரத்தில் அவர்கள் நாற்காலி இழுப்பார்கள். நாங்கள் முதல் தடவை போனபோது, விலை குறைகிறதே என்று, அறை எண்ணைக் கம்பெனியே பிறகு ஒதுக்கித்தரும் வகையில் டிக்கெட் போட்டோம். கிடைத்தது பஃபேவுக்கு நேர் கீழே. காலை நாலரை மணிக்கு கர்ர்ர் என்று ஒரு இழுப்பு, இரண்டு நிமிஷம் அமைதி, மறுபடி கர்ர்ர். பெரிய பையன் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாலு இரவில் ஓர் இரவுகூட யாரும் சரியாகத் தூங்கவில்லை. வரவேற்பு மேஜையில் போய்க் கேட்டால் கப்பல் நிரம்பிவிட்டது, மாற்றித்தர இடமில்லை என்றார்கள். இளவட்டங்கள் நாலு பேர் சேர்ந்து போனால் அந்த வகை டிக்கெட் லாபம்தான். குழந்தை குட்டியோடு, பெரியவர்களோடு போகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

கீழே நாடக அரங்கோ நடன கிளப்போ இருந்தால் நடுராத்திரிவரை திம் திம் என்று தரை அதிரும். லிஃப்டுக்கு எதிரிலேயே இருந்தால் ஆட்கள் பேச்சுச் சத்தம். ஆனால் பெரியவர்களுக்காக லிஃப்ட் பக்கத்தில் வேண்டியும் இருக்கிறது, ஏனென்றால் ஜெண்டிங் ட்ரீம் 335 மீட்டர் நீளம், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தாழ்வாரத்தில் நடந்தால் முழங்கால் கழன்றுவிடும். லிஃப்டிலிருந்து ஏழெட்டுக் கதவு தள்ளி எடுங்கள், அது இரண்டுக்கும் சரியாக வரும். வரைபடத்தில் எந்தப் பெயரும் போடாமல் வெள்ளையாக விட்டிருக்கும் இடங்களும் உண்டு. பெரும்பாலும் ஊழியர்கள் புழங்கும் இடம், சாமான் அறை, தள்ளுவண்டி போகிற வழி என்று ஏதாவது இருக்கும். அதற்கு ஒட்டியும் வேண்டாம். பக்கத்து அறைக்கு உள்ளேயே கதவு இருக்கிற கேபின்களில் அடுத்த அறை டிவி நம் அறையில் கேட்கும். இரண்டு அறையும் நம் குடும்பமே எடுத்தால் அதைவிட வசதி கிடையாது, எடுத்துக்கொள்ளுங்கள்.

குமட்டல் பயம் உள்ளவர்கள் கீழ் டெக்கில், கப்பலின் நடுப்பகுதியில் எடுக்க வேண்டும். காரணம் சுலபம். சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் அசையமாட்டார் அல்லவா, அதே கணக்குதான். கப்பல் பக்கவாட்டில் உருளுவதைக் குறைக்க, தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகளை நீட்டுவார்கள். முன்னும் பின்னுமாக ஏறி இறங்குவதை அவை பெரிதாகத் தடுக்காது. அதனால் ஆட்டம் முன்கோடியிலும் பின்கோடியிலும்தான் அதிகம், அதாவது நம் கடற்கரை ஊர்களில் அணியம், அமரம் என்பார்களே அந்த இரண்டு பக்கமும். முன்பக்கத்துக் கீழ் அறைகளில் இன்னொரு தொல்லை, விடியற்காலை துறைமுகத்தில் நுழையும்போது நங்கூரச் சங்கிலி ஓடுகிற சத்தமும், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசிறிகளின் அதிர்வும் கட்டிலையே எழுப்பிவிடும். மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல், சிங்கப்பூர் பினாங்கு வழியில் பலருக்கு ஆட்டமே தெரியாது. வங்காள விரிகுடாவில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் போகிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்.

மாத்திரை போடுவதானால் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும், எது என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். மற்றபடி கொடைக்கானல் பஸ்ஸில் என்ன செய்வோமோ அதுதான். இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட், முகர்ந்துகொள்ள ஓர் எலுமிச்சம்பழம். கப்பலில் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கேட்டால் தருவார்கள். வெறும் வயிற்றோடு மட்டும் இருக்க வேண்டாம், அடிவானத்தைப் பார்த்தபடி வெளிக்காற்றில் நின்றால் பாதி குறையும்.

மூன்றாவது நாலாவது ஆளுக்குப் படுக்கை எங்கே என்று கேட்க மறக்காதீர்கள். பல கேபின்களில் அது கூரையிலிருந்து இறங்குகிற தொட்டில் மாதிரிக் கட்டில், ஏணி வைத்து ஏற வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்களுக்கு ஆகாது, ராத்திரி பாத்ரூம் போக இறங்கும்போது விழுந்துவைப்பார்கள். கீழே உள்ள பெரிய கட்டில் உண்மையில் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்ததுதான், அறையைச் சுத்தம் செய்ய வருபவரிடம் சொன்னால் பிரித்துப் போட்டுத் தருவார்.

உள்ளே போனதும்

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர சாயங்காலம்கூட ஆகும். அதனால் மருந்து, கண்ணாடி, பிள்ளைகளுக்கு மாற்றுடை, நீச்சல் உடை எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். மத்தியானம் ஏறியவுடன் நீச்சல்குளம் காலியாக இருக்கும், உடை பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாது. பெட்டி வந்ததும் துணியை எல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள், பெரும்பாலான கப்பல்களில் அதற்கென்றே கட்டிலை உயரமாக வைத்திருப்பார்கள். இதை முதல் ஒரு மணி நேரத்தில் செய்தால் அந்தச் சின்ன அறையிலும் நாலு பேர் இடிக்காமல் புழங்கலாம்.

கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி அரை டஜன் வாங்கிப் போங்கள். தொப்பி, பை, ஈரத்துண்டு, ஐடி கார்டு எல்லாம் சுவரில் ஏறிவிடும். என்னைக் கேட்டால் கப்பலுக்கு என்று புதிதாக வாங்க வேண்டிய ஒரே சாமான் இதுதான். பிளக் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் நம் ஊர் பின்னுக்குப் பொருந்தாது, பல கப்பல்களில் அமெரிக்க, ஐரோப்பிய மாதிரிகள். உலக அடாப்டர் ஒன்றும், யுஎஸ்பி வழிகள் நாலைந்து உள்ள சார்ஜர் ஒன்றும் போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பல கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. இஸ்திரிப்பெட்டி, மின்கெட்டில், மெழுகுவத்தி, குட்டி ரைஸ் குக்கர் எதுவும் கூடாது, கடலில் தீ என்றால் ஓடுவதற்கு இடமில்லை, அதனால் ஸ்கேனரில் பார்த்துப் பிடித்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். சாமி படத்துக்கு விளக்கேற்ற நினைப்பவர்கள் பேட்டரியில் எரியும் அகல் எடுத்துப் போங்கள், மாமியாருக்கு அப்படித்தான் செய்தேன்.

இப்போது யாரும் எழுதாத ஒரு விஷயம். கப்பல் கழிப்பறையில் பெரும்பாலும் காகிதம்தான், ஹெல்த் ஃபாசெட்டை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் மக்கோ, மூடியில் குழாய் வைத்த கையடக்கக் கழுவும் பாட்டிலோ கட்டாயம் எடுத்துப் போங்கள். பெரியவர்களுக்கு இது இல்லாவிட்டால் முதல் நாளே ஊருக்குத் திரும்பலாம் என்பார்கள். கழிப்பறை காற்றால் உறிஞ்சும் வகை, மூடியை மூடிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும், சத்தம் பெரிதாக வரும், சின்னப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். கழிப்பறைக் காகிதத்தைத் தவிர வேறு எதையும் அதில் போட்டால் உங்கள் அறை மட்டுமல்ல, அந்த வரிசையே அடைத்துக்கொள்ளும். குளிக்கும் இடத்தில் சுவரில் ஒரு சின்ன வட்டக் குமிழ் இருக்கிறதா பாருங்கள், இழுத்தால் துணி காயப்போடும் கயிறு வரும். பாத்ரூம் காற்றுப்போக்கி எப்போதும் ஓடுவதால் உள்ளாடை ராத்திரிக்குள் காய்ந்துவிடும். பால்கனிக் கம்பியில் துணி காயப்போடவே கூடாது, காற்று அடித்துக்கொண்டு போய்விடும், விதியும் அதை விடுவதில்லை. பால்கனி நாற்காலியைக் கம்பி ஓரமாக விட்டுவைக்கவும் வேண்டாம், பிள்ளைகள் ஏறுவார்கள்.

உள் கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, மணி ஆறா பத்தா என்றே தெரியாது. டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டுகிற சேனல் ஒன்று இருக்கும், சத்தத்தை நிறுத்திவிட்டு அதை ஓடவிட்டுப் படுங்கள். ராத்திரி திரை கறுப்பாக இருக்கும், விடிந்தால் அறையும் விடியும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் அறையில் உள்ள குட்டி ஃபிரிட்ஜை நம்ப வேண்டாம், அது குளிர்பானத்தைச் சுமாராகக் குளிர வைக்கும், அவ்வளவுதான். வரவேற்பிலோ மருத்துவ அறையிலோ சொன்னால் சரியான இடத்தில் வைத்துத் தருவார்கள். போனை ஏறியதுமே ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலுக்கென்று தனி செல் நெட்வொர்க் இருக்கும், போன் தானாகவே அதைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் பயணச் செலவையே தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கதவின் உள்பக்கம் உங்கள் ஆபத்துக்கால ஒன்றுகூடும் இடம் எழுதியிருக்கும், அறைக் கார்டிலும் இருக்கும். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று ஒருமுறை திறந்து பாருங்கள். பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் முணுமுணுக்காமல் போங்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள், அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய கையோடோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று உலக விதியை மாற்றினார்கள். மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டினேன். எந்தப் படிக்கட்டு என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சாப்பாடு

டிக்கெட்டிலேயே அடங்கிய சாப்பாடு இரண்டு இடத்தில் கிடைக்கும். ஒன்று பஃபே, இன்னொன்று மேஜைக்கு வந்து பரிமாறும் பெரிய டைனிங் ரூம். தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடுகிற உணவகங்களும் இருக்கும், மூன்று நாலு இரவுக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம். நம் ஆட்களில் நிறையப் பேர் டைனிங் ரூம் பக்கமே போவதில்லை. வெள்ளைத் துணி விரித்த மேஜையையும் முள்கரண்டி வரிசையையும் பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்படாது என்று மூன்று வேளையும் பஃபே கூட்டத்திலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் மனசு ஆறாது. அந்த டைனிங் ரூமுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் நல்ல இடம், ஏனென்றால் அங்கே கேட்டுச் சமைக்கச் சொல்ல முடியும்.

டிக்கெட் போடும்போதே இந்தியச் சைவம், ஜைனச் சாப்பாடு, வேர்க்கடலை ஒவ்வாமை, எதுவாக இருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள், கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே. அத்தோடு விட்டுவிடாமல், ஏறிய மத்தியானமே டைனிங் ரூம் வாசலில் நிற்கிற தலைமை ஆளைப் பார்த்து நேரிலும் சொல்லுங்கள். மேஜையை மாற்ற வேண்டும், தனி மேஜை வேண்டும், சீக்கிரச் சாப்பாடு நேரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் சரியான நேரம், ராத்திரி ஆகிவிட்டால் கூட்டத்தில் அவரால் எதுவும் செய்ய முடியாது. சில கப்பல்களில் மாலை ஐந்தரை ஆறு, அப்புறம் எட்டு என்று இரண்டு பந்தி, தினமும் அதே மேஜை, அதே வெயிட்டர். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற முறையும் உண்டு. சுதந்திரம் இருக்கட்டும் என்று பலர் இரண்டாவதை எடுக்கிறார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு உள்ள குடும்பம் முதலாவதை எடுங்கள். ஒரே வெயிட்டர் என்றால் ஒருமுறை சொன்னால் போதும், இரண்டாம் நாள் அவரே பார்த்துக்கொள்வார்.

எங்களுக்கு வந்த தம்பி தூத்துக்குடிப் பக்கம். முதல் ராத்திரி மாமியார் மெனுவைப் பார்த்துவிட்டு ஒன்றும் வேண்டாம், பசியில்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் போகவில்லை. "அம்மா, வெறும் சாதமும் தயிரும் கொண்டுவரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான். சூடாக வெள்ளைச் சாதம், ஒரு கிண்ணத்தில் இனிப்பில்லாத தயிர், உப்பு. மாமியார் ஸ்பூனைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் பிசைந்தார், நான் பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பிரித்து வைத்தேன். பக்கத்து மேஜையில் கோட்டு சூட்டோடு இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் ராத்திரி நாங்கள் உட்காருவதற்கு முன்பே அந்த இடத்தில் சாதமும் தயிரும் வந்து காத்திருந்தன, கூடவே சமையல்கட்டில் சொல்லி மிளகு சீரகம் தட்டிப்போட்ட ஒரு சூப். "ரசம் மாதிரி வரலம்மா, ஆனா ட்ரை பண்ணச் சொன்னேன்" என்றான். "நல்லா இருக்கு தம்பி, நீ சாப்பிட்டியா?" என்று அவர் கேட்டார். பெரிய கப்பல்களின் சமையலறைகளில் இந்தியச் சமையல்காரர்கள் இருப்பது சாதாரணம், பருப்பு, காய்கறிக் குழம்பு, சப்பாத்தி என்று மெனுவில் இல்லாததும் வரும், கேட்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த நாள் மெனுவை முதல் நாள் ராத்திரியே காட்டச் சொல்லி, வேண்டியதைச் சொல்லி வைத்துவிட்டால் சமையல்கட்டுக்கும் நேரம் கிடைக்கும்.

சைவம் என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். அவர்கள் கணக்கில் முட்டை சைவத்தில் சேரும். கிழக்காசியச் சமையலில் வெறும் கீரைப் பொரியலில்கூட மீன் சாஸோ சிப்பி சாஸோ ஊற்றியிருக்கலாம். காய்கறி சூப்பின் அடியில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். மூஸ், ஜெல்லி, பன்னா கோட்டா மாதிரி இனிப்புகளில் ஜெலட்டின், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. பஃபேயில் உருளைக்கிழங்கு வறுவல் மீன் பொரித்த அதே எண்ணெயில் வந்திருக்கலாம். இறைச்சி, மீன், முட்டை, மீன் சாஸ், ஜெலட்டின் எதுவும் கூடாது என்று ஒரு சின்ன அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு காட்டினால் குழப்பமே வராது. மாட்டிறைச்சி, பன்றி மட்டும் தவிர்ப்பவர்களும் பஃபேயில் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு எடுங்கள், சந்தேகம் வந்தால் வெள்ளைத் தொப்பி போட்டவரைக் கேளுங்கள்.

ஊரிலிருந்து என்ன எடுத்துப் போகலாம்? வீட்டில் சமைத்த புளியோதரை, எலுமிச்சைச் சாதம் எல்லாவற்றையும் பல கப்பல்களில் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் என்றால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு, கடலை மிட்டாய், இவை போதும். கப்பலில் இருந்து பழமோ சாப்பாடோ எடுத்துக்கொண்டு துறைமுகத்தில் இறங்கக் கூடாது, அந்தந்த நாட்டுச் சட்டம், அபராதம் போடுவார்கள்.

பஃபேவுக்கு வந்தால், தட்டை எடுக்கும் முன் கையை வீசிக்கொண்டு ஒரு சுற்று நடந்து வாருங்கள். எல்லாரும் வாசலில் இருக்கிற முதல் மேஜையிலேயே குவிவார்கள், உள்கோடியில் அதே பண்டம் ஆளில்லாமல் இருக்கும், இந்திய உணவு வரிசையும் பலமுறை உள்ளேதான். ஏறிய நாள் மத்தியானம் பஃபே திருவிழாக் கூட்டம். அன்று டைனிங் ரூமும் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், பல கப்பல்களில் திறந்திருக்கும், பாதிப் பேருக்குத் தெரியாது. வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், மறுபடி போனால் யாரும் கேட்கப்போவதில்லை. மலை மாதிரிக் குவித்து மேஜையில் விட்டுவிட்டுப் போகிற தட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. டைனிங் ரூமிலும் அப்படித்தான், முதலில் வருகிற சின்னப் பண்டம் இரண்டு கேட்கலாம், பிடிக்காததை மாற்றித் தரச் சொல்லலாம், தனிக் காசு இல்லை. பெரிய பண்டம் மூன்றாவது கேட்டால் மட்டும் சில கம்பெனிகள் பணம் போடுகின்றன.

கை கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பலில் வயிற்றுப்போக்கு, வாந்தி பரவுவதற்குப் பெரும்பாலும் நோரோ வைரஸ் காரணம், வாசலில் தெளிக்கிற சானிட்டைசர் அதைச் சரியாகக் கொல்லாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். பொதுக் கரண்டியைத் தொட்ட கையால் அப்படியே பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம், அதனால் பரிமாறிக்கொண்டு வந்த பிறகு இன்னொரு முறை போய்க் கழுவிவிட்டு உட்காருங்கள். தண்ணீர் பிடிக்கும்போது பாட்டில் வாயைக் குழாயில் முட்டவிடாமல், தம்ளரில் பிடித்து ஊற்றிக்கொள்ளுங்கள். கப்பல் தண்ணீர் குடிக்கலாமா என்று பயப்பட வேண்டாம், கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ சவ்வு வழியாக வடிகட்டியோ சுத்தம் செய்துதான் தருகிறார்கள்.

குடிநீர், சாதா டீ, காபி பெரும்பாலும் டிக்கெட்டில் அடங்கும். கோக், பாட்டில் ஜூஸ், மது எல்லாம் தனி, அதன்மேல் சேவைக் கட்டணமும் சேரும். மது பேக்கேஜ் வாங்கினால் அதே அறையில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் வாங்க வேண்டும் என்று பல கம்பெனிகள் விதி வைத்திருக்கின்றன, பணம் கட்டும் முன் படித்துப் பாருங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் டிப்ஸும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் விலையோடு அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மைச் செலவு தெரியும்.

உடைக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டாம். டைனிங் ரூமுக்கு ராத்திரியில் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு ஆகாது. புடவை, சல்வார், வேட்டி சட்டை எல்லாம் கௌரவமான உடைதான், என் கணவர் பட்டு வேட்டியில் போனார், வாசலில் நின்றவர் வணக்கம் வைத்து உள்ளே விட்டார். ஒரு சால்வை மட்டும் எடுத்துப் போங்கள், ஏசி எலும்புவரை இறங்கும்.

பினாங்கில் இறங்கும் நாளுக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கப்பலில் வைத்துக்கொள்ளாதீர்கள். கப்பல் நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகருக்குள்ளேயே இருக்கிறது, பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833ல் எழுந்த மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு அந்தத் தெருக்களிலேயே வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம், இரண்டு நாள் ரொட்டியும் பாஸ்தாவும் பார்த்த நாக்குக்கு அந்தச் சாம்பார் வேறு மாதிரி இருக்கும். அசைவக்காரர்கள் நாசி கந்தார் தேடிப் போங்கள், அது அங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி கட்டிச் சோறு விற்று வளர்த்த சாப்பாடு. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள், ஏறி இறங்கப் படகு ஆடும். முழங்கால் வலி உள்ளவர்கள் கப்பலிலேயே இருந்துவிட்டால் நஷ்டமில்லை, அன்று மத்தியானம் பஃபே காலி, நீச்சல்குளம் காலி, ஜன்னலோர மேஜை உங்களுக்கே.

கடைசி ராத்திரி பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், ஊழியர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி உடை, செருப்பு, பாஸ்போர்ட், காலை மாத்திரை, பல் துலக்கும் பிரஷ், இவற்றைத் தனியாக எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். இறங்கும் நாள் காலையில் எல்லாரும் பஃபேயில் முட்டிக்கொண்டிருப்பார்கள். டைனிங் ரூம் அன்றும் திறந்திருந்தால் ஆறரைக்கெல்லாம் போய் உட்கார்ந்து ஒரு ஆம்லெட்டோ உப்புமாவோ கேட்டு வாங்கி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, உங்களுக்குப் பரிமாறியவரிடம் போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். மாமியார் மீதியிருந்த கடலை மிட்டாய்ப் பாக்கெட்டை அந்தத் தூத்துக்குடித் தம்பி கையில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.